கொலுசு வெள்ளியைக் கரைத்தால் அடியில் வெள்ளைக் கூழ், என்ன இது?

தேவகோட்டைப் பையன்:
அப்பத்தாவின் பெட்டகத்தைத் திறந்ததில் அறுந்த கொலுசு, மூடி தொலைந்த குங்குமச்சிமிழ், நசுங்கிய சந்தனக் கிண்ணம் என்று அரை கிலோவுக்கு மேல் உடைசல் வெள்ளி. கடையில் பொடி (வெள்ளியை ஒட்டவைக்கும் பற்றுக் கலவை) நிறைய இருக்கிறது என்று பாதி விலைக்குப் பேசினார்கள், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளியை நானே பிரித்தெடுக்கலாம் என்று வீட்டின் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து 40 கிராம் கொலுசை மட்டும் நைட்ரிக் அமிலத்தில் போட்டேன். செம்பழுப்பாகப் புகை வந்தது, கரைசல் நீலமானது, அதுவரை சரி. அப்புறம் போர் தண்ணீர் விட்டதும் பால் மாதிரி கலங்கி, அடியில் கஞ்சி போல ஏதோ நிற்கிறது, வடிதாளில் ஊற்றினால் ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. வெள்ளி போய்விட்டதா? இரண்டு சொட்டு சிந்தி தரையின் ஆத்தங்குடிக் கல் வேறு பொத்தலாகிவிட்டது, அம்மா இன்னும் பார்க்கவில்லை.

பட்டறைக்காரர்:
தம்பி, கொலுசில் முத்துக்கு முத்து பொடி வைத்து ஊதியிருப்பார்கள். அந்தப் பொடியில் வெள்ளீயம் இருந்தால் திராவகத்தில் கரையாது, இப்படித்தான் கூழாக நின்று தாளை அடைக்கும். அதனால்தான் நாங்கள் பற்று வைத்த இடத்தையெல்லாம் வெட்டித் தனியாக வைத்துவிட்டு மீதியைக் கரைப்போம். இன்னொன்று, நேராக மூசையில் (உருக்கும் கிண்ணம்) போட்டு உருக்கிவிடாதே. பழைய பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம், அது 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், வெள்ளி உருக 962 வேண்டும். வெள்ளி இளகும் முன்பே புகை உன் மூக்குக்குள் போயிருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ராத்திரி காய்ச்சல் மாதிரி வந்து மூச்சை இறுக்கும்.

வேதியியல் வாத்தியார்:
அண்ணன் சொன்னது பாதி. மீதிப் பாதி உங்கள் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் குளோரைடு இருக்கும், வெள்ளி நைட்ரேட்டைப் பார்த்ததும் வெள்ளி குளோரைடாக இறக்கிவிடும், பால் போல ஆனது அதனால் இருக்கலாம். கொஞ்சம் கூழைப் பீங்கான் தட்டில் தடவி வெயிலில் வையுங்கள். ஊதா ஏறினால் குளோரைடு, வெள்ளையாகவே இருந்தால் வெள்ளீயம். அம்மோனியா விட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம், அந்தக் கரைசல் மீந்து கிடந்தால் வெடிக்கிற பொருளாக மாறும்.

வடிகட்டுவதை விடுங்கள். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் கூழ் படியும், மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து எடுத்துச் செப்புத் தகடு போடுங்கள். செம்பு 1 கிராம் கரைந்தால் வெள்ளி 3.4 கிராம் இறங்கும், ஆக உங்கள் 40 கிராம் வெள்ளியை இறக்க 12 கிராம் செம்பு போதும், அமிலம் மீந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கரையும். சாம்பல் நிறப் பஞ்சு போலத் தகட்டில் படியும், தட்டிவிட்டால் உதிரும். கூழைக் கொட்டிவிடாதீர்கள், அதிலும் வெள்ளி மாட்டியிருக்கும். மிஞ்சும் நீலத் தண்ணீரில் பழைய ஆணிகளைப் போட்டுச் செம்பை இறக்கி, சுண்ணாம்பு கலந்து வையுங்கள், முற்றத்துத் தண்ணீர் போகும் வழியில் ஊற்றிவிடாதீர்கள். அப்புறம் அந்தச் செம்பழுப்புப் புகை: நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். இனி வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

காரைக்குடி ஆச்சி:
சந்தனக் கிண்ணத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தீர்களா தம்பி? விலாசம் (குடும்பத்தாரின் பெயரெழுத்து) வெட்டியிருந்தால் அதை எடைக்குப் போடுவது பாவம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன, நசுங்கியதையும் அங்கே வேறு கணக்கில் பார்ப்பார்கள். அறுந்த கொலுசு போனால் போகட்டும்.

தேவகோட்டைப் பையன்:
வெயிலில் வைத்தேன் சார். திட்டுத்திட்டாக ஊதா, நடுநடுவே வெள்ளை அப்படியே. ஆக இரண்டும்தான் போலிருக்கிறது. தெளிந்ததில் செப்புத் தகடு போட்டிருக்கிறேன், நரைத்த தாடி மாதிரி முளைக்கிறது. ஆச்சி, கிண்ணத்தில் விலாசம் இருக்கிறது, எங்கள் ஐயா இனிஷியல். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், கல்லைப் பற்றிச் சொல்வதற்கு முன்பாக.