எட்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர்: உங்கள் ஊராட்சியில் என்ன நடந்தது?

ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தேன். அதில் மறக்கவே முடியாதது ஓர் அக்டோபர் 2 கிராம சபை.

அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் டெங்கு. எதிர்வீட்டுக் குழந்தை ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னார்கள். பெண்கள் சண்டைக்குப் போனார்கள். தப்பே இல்லை. எங்களுடையது மேட்டுத் தெரு. குழாயில் தண்ணீர் எட்டு நாளுக்கு ஒரு தடவைதான். டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி என்று பிடித்து வைக்காமல் எப்படிப் பிழைப்பது?

சபையில் குடிநீர்க் கணக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது கிராம சுகாதார செவிலியர் எழுந்து வந்து ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தார். எங்கள் தெரு டிரம்மில் எடுத்த தண்ணீர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போயின.

“முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். நீங்க தண்ணீர் விடுறதும் எட்டு நாளுக்கு ஒரு தடவை. டிரம்மைக் கவிழ்த்தா அவங்க எதைக் குடிப்பாங்க?” என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் என்றால் எங்களுக்கு மோட்டார், பைப், கரண்ட் பில். காய்ச்சல் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பாடு. இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் நாங்கள் பேசியதில்லை.

ஒன்றிய அரசிடமிருந்து ஊராட்சிக்கு வந்த 15வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தை அப்போது குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவழிக்க முடிந்தது. அதில் இன்னொரு மினி பவர் பம்ப் போடுவதாக இருந்தோம். அதை விட்டுவிட்டு தண்ணீரைத் திறந்து அடைக்கத் தெருவுக்கு ஒரு கேட் வால்வு வைத்து, மேட்டுத் தெருவுக்குத் தனி லைன் இழுத்தோம். முன்பு பள்ளத்துத் தெருவே எல்லாத் தண்ணீரையும் இழுத்துவிடும். அதே தொட்டி, அதே போர்வெல்தான். இப்போது மூன்று நாளுக்கு ஒரு தடவை வருகிறது. பாதி வீட்டு டிரம்கள் வாசலில் கவிழ்ந்து கிடக்கின்றன.

மறுமொழி 1

எங்கள் ஊரில் துணை சுகாதார நிலையத்தை ஊருக்கு வெளியே, ஏரிக்கரை தாண்டிக் கட்டினார்கள். புறம்போக்கு நிலம் அங்கேதான் இருந்ததாம். பஸ் போகாத இடம். என் தங்கை எட்டாம் மாதத்தில் பிரஷர் பார்க்க வெயிலில் நடந்து போனாள். இடம் பார்க்கும்போது ஒரு கர்ப்பிணியையாவது கேட்டிருக்கலாம்.

மறுமொழி 2

நான் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். பிளீச்சிங் பவுடர் கலந்த பிறகு கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். பரிசோதனைச் சொட்டு மருந்தை விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். ஒரு தெருவில் மட்டும் நிறமே வரவில்லை. தோண்டிப் பார்த்தால், புதுக் கழிவுநீர்க் கால்வாய் கட்டியவர்கள் குடிநீர் பைப்பை அதற்குள்ளேயே விட்டிருந்தார்கள், ஜாயின்டில் கசிவு. பைப்பை மேலே தூக்கி மாற்றும்வரை அந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். இப்போது கால்வாய்க்கு அளவெடுக்க வந்தால் நானும் கூடவே நடக்கிறேன், பைப் எங்கே போகிறது என்று காட்ட.