ஆறுதல் சொல்கிறவருக்கு யார் ஆறுதல்? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

ஓய்வு பெற்ற குருவானவர், திருநெல்வேலி

சாவு விழுந்த வீட்டிலிருந்து முதல் தொலைபேசி, குருவானவர் குடியிருக்கும் குருமனைக்குத்தான் வரும். வீட்டு ஜெபம், அடக்க ஆராதனை, கல்லறைத் தோட்டத்தில் கடைசி ஜெபம் என்று எல்லாவற்றையும் நடத்திக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே குருவானவர் ஒரு கல்யாணத்தில் மலர்ந்த முகத்தோடு நிற்க வேண்டும். அவருக்கே துக்கம் வந்தால் எங்கே போவார்? ஒரு சபை முழுவதும் ஒரே நேரத்தில் துக்கத்தில் விழுந்தால் எப்படி எழுந்திருக்கும்? இதைப் பற்றித்தான் உங்களிடம் கேட்கிறேன். முதலில் என் அனுபவம்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை. ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. உடலைப் பொதிந்து கட்டி ஆம்புலன்ஸிலிருந்து நேராகக் குழிக்குள் இறக்குவார்கள். கவச உடை போட்ட சிலர், எட்டி நிற்கும் மகன், நான். முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவும் வழியில்லை. அடக்க ஆராதனையைப் பாதி படிப்பதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும். இறையியல் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கிய நண்பரும் அந்த மாதம் காலமானார். அவருடைய அடக்கத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். அன்று மாலை எனக்கு வேறொரு அடக்கம் இருந்தது; போனேன்.

ஜூலையில் ஆலயம் திறந்தபோது ஸ்தோத்திர ஆராதனை வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. கர்த்தர் நம்மைக் காத்தாரே என்றார்கள். "காக்கப்படாதவர்களின் வீட்டாரும் அதே ஆலயத்தில்தானே உட்காருவார்கள்?" என்று ஒரு பாட்டியம்மா கேட்டார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஸ்தோத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் புலம்பல் ஆராதனை நடத்தினோம். 88ஆம் சங்கீதத்தை வாசித்தோம். கூக்குரலோடு தொடங்கி இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. நம் ஆலயங்களில் அதை எடுப்பதே அபூர்வம். பாதியில் நின்றுபோன அடக்க ஆராதனையை, இறந்த எல்லோருக்கும் சேர்த்து முழுவதுமாகப் படித்தேன். பிறகு பெயர்களை வாசித்தேன். பட்டியலின் கடைசியில் என் நண்பரின் பெயர் இருந்தது. அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை. சபைச் செயலர் என்னிடம் சொல்லாமலேயே சேர்த்திருக்கிறார். எனக்குக் குரல் எழும்பவில்லை. செயலர் எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கி, அந்தப் பெயரை வாசித்தார்.

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அறிவுரை நம்மிடம் ஏற்கனவே நிறைய இருக்கிறது.

அன்பியப் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) பொறுப்பாளர், தூத்தூர் வட்டாரம்

ஐயா, உங்களுக்குக் குழியாவது இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை.

நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை நெருக்கியடித்து நிற்கும் கடற்கரை ஊர்களில் ஒன்று என்னுடையது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் நாங்கள் திருவனந்தபுரம் லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஆண்கள் ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிறவர்கள்; போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது எத்தனையோ படகுகள் வெகு தொலைவில் கிடந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பிறகு ஒதுங்கிய உடல்களை டி.என்.ஏ. பரிசோதனை செய்துதான் அடையாளம் காண முடிந்தது. கிடைக்காமலே போனவர்கள் பலர்.

எந்தப் படகில் யார் யார் என்று வீடுவீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தவர்கள் பங்குத்தந்தையர்தான். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில், தேடுங்கள் என்று கேட்டு ஆயிரக்கணக்கில் நாங்கள் உட்கார்ந்தபோது எங்களோடு உட்கார்ந்தவர்களும் அவர்களே. காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் ஏற்க வழக்கமாக ஏழு ஆண்டுகள் ஆகும். எங்களுக்காக அதைத் தளர்த்தினார்கள். ஆனால் நிவாரணத் தாளில் கையெழுத்துப் போடுவது, கணவர் இறந்துவிட்டார் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதாக இருந்தது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபாதர் ஒரு வார்த்தையும் சொல்லி அவசரப்படுத்தவில்லை.

உடல் இல்லாமல் எப்படி அடக்கத் திருப்பலி வைப்பது? ஏழாம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? முப்பதாம் நாள் எது? அடுத்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாள் நெருங்கியபோது இந்தக் கேள்விகளெல்லாம் திரும்ப வந்தன. "என் மகன் பெயரை இறந்தவர்களோடு வாசித்தால் நான் எழுந்து போய்விடுவேன்" என்றார் ஒரு தாய். ஃபாதர் அவரோடு வாதம் செய்யவில்லை. இரண்டு பட்டியல் எழுதினார். ஒன்று இறந்தவர்களுக்கு. மற்றொன்று, கடல் இன்னும் திருப்பித் தராதவர்களுக்கு. எதில் பெயர் வர வேண்டும் என்பதை அந்தந்த வீட்டார் முடிவு செய்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு சில வீட்டார் தாங்களாகவே வந்து பெயரை மாற்றச் சொல்கிறார்கள். அந்தத் தாய் இன்றுவரை மாற்றவில்லை. யாரும் அவரிடம் கேட்பதுமில்லை. உங்கள் செயலர் ஒரு பெயரைச் சேர்த்ததில் உங்களுக்குக் கிடைத்த ஆறுதல், எங்களுக்குப் பெயரைச் சேர்க்காமல் விட்டதில் கிடைத்தது.

ஃபாதர் அழுது நாங்கள் பார்த்தது அதற்கெல்லாம் முன்பு, ஒரு திருமுழுக்கில். தகப்பன் கடலில் போன பிறகு பிறந்த குழந்தை. அந்தத் தகப்பனின் கல்யாணத்தில் தாலி மந்திரித்துக் கொடுத்தவரும் அவர்தான். தண்ணீர் எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. குழந்தையின் பாட்டி, அவளும் மகனைப் பறிகொடுத்தவள், ஃபாதரின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். தண்ணீர் குழந்தையின் தலையில் விழுந்தது. அன்று சாயங்காலம் அன்பியத்துப் பெண்கள் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் கொண்டுபோய், அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தோம். அவருடைய அம்மாவிடம் சில நாட்கள் போய் இருக்கச் சொல்லி அனுப்பினோம். பக்கத்துப் பங்கிலிருந்து வந்து திருப்பலி வைத்துக் கொடுத்தார்கள். அதுவரை அவரிடம் கேட்க மட்டுமே தெரிந்த நாங்கள், அவருக்குக் கொடுக்கவும் அன்றுதான் தொடங்கினோம். எங்கள் ஊர் எழுந்தது அங்கிருந்துதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு குருவானவரின் மனைவி

குருவானவர் பணியில் இருக்கும்போதே இறந்தால் சபை அழுகிறது, மனதார அழுகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கணவரோடு வீடும் போகிறது. குருமனைக்குப் புதியவர் வந்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு நடு வருடத்தில் டி.சி. வாங்க வேண்டும். நேற்றுவரை ஊருக்கே "அம்மா"வாக இருந்தவள், சாமான்களை எந்த ஊருக்கு ஏற்றுவது என்று தெரியாமல் நிற்கிறாள்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அதே ஊரில் ஒரு வாடகை வீடு பார்த்து, அட்வான்ஸ் கட்டி, பள்ளி முடிகிறவரை எங்களை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். புதிய குருவானவரின் மனைவி, "அக்கா, நீங்கள் வைத்த முருங்கை காய்த்துக் கிடக்கிறது, வந்து பறித்துக்கொள்ளுங்கள்" என்று ஆள் விட்டார். அந்த வாசலில் மறுபடியும் கால் வைக்க எனக்கு அந்த அழைப்பு தேவைப்பட்டது.

சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். குருவானவரின் குடும்பத்துக்குக் கல்வியாண்டு முடியும் வரையாவது தங்க ஓர் இடம் கொடுங்கள். ஆறுதல் வசனம் அட்டையில் எழுதி அனுப்புவது அதற்குப் பிறகு போதும்.

ஞாயிறு பாடசாலை ஆசிரியை, மட்டக்களப்பு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களில் குண்டு வெடித்த அதே காலையில் எங்கள் ஊர்ச் சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. இறந்தவர்களில் நிறையப் பேர் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடிந்து, ஆராதனைக்கு முன் வெளியே சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்.

நான் வேறொரு சபை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகளும் வகுப்பு முடிந்தால் முற்றத்துக்கு இறங்கமாட்டோம் என்றார்கள். தேநீரை உள்ளே கொண்டுவந்து, தாய்மாரும் ஆசிரியைகளும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து குடித்தோம். முதுகுப் பையோடு யார் வந்தாலும் எல்லாத் தலையும் திரும்பும். டிரம்ஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டோம். அந்தச் சத்தத்தில் பெரியவர்களுக்கே உடம்பு தூக்கிப்போட்டது. மாதக்கணக்கில் கைத்தாளம் மட்டும் போட்டு மெதுவாகப் பாடினோம். கடைசியில் ஒரு சிறுவன்தான், "டிரம்ஸ் எப்போது வாசிப்பீர்கள், டீச்சர்?" என்று கேட்டான். அவன் கேட்கும்வரை காத்திருந்த எங்கள் போதகரை நான் மதிக்கிறேன்.

2004 சுனாமியில் நாவலடியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் அக்கா எங்கள் சபையில் இருக்கிறார். இழந்த குடும்பங்களின் வீடுகளுக்குத் தினமும் மாலையில் போனவர் அவர். ஜெபிக்கமாட்டார், வசனம் சொல்லமாட்டார். நேரே குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவுவார். புறப்படும்போது, "நாளைக்கும் வருவேன்" என்பார். வருவார்.

கோபத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒவ்வொரு நோன்புக்கும் கஞ்சி கொடுத்தனுப்பும் முஸ்லிம் வீடு ஒன்று உண்டு. அந்த மே மாதம் நோன்பு தொடங்கியது, கஞ்சி வரவில்லை. அவர்களுக்குப் பயம். எங்களுக்குப் பேச மனமில்லை. போதகர் போய்க் கதவைத் தட்டி, "இந்த முறை எங்களுக்குக் கஞ்சி இல்லையா?" என்று கேட்டார். சபையில் சிலர் அதற்காக அவரோடு கோபித்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுடைய கோபத்தையும் போதகர் விரட்டவில்லை. தன் வீட்டுத் திண்ணையில் மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டுவாப்பிட்டி ஆலயத்தைச் சில மாதங்களில் புதுப்பித்துத் திறந்தார்கள். ஆனால் இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சொரூபத்தைக் கழுவாமல் காத்து வைத்தார்கள். அது சரியான முடிவு என்பது என் எண்ணம். எல்லாவற்றுக்கும் புதுச் சாயம் பூசிவிட்டால், இழந்தவர்கள் அந்த ஆலயத்தில் அந்நியராகிவிடுவார்கள்.

மருத்துவமனை ஆன்மப் பணியாளர், வேலூர்

தூத்தூரிலிருந்து எழுதிய சகோதரிக்கு: உங்கள் ஃபாதர் இரண்டு பட்டியல் எழுதியது எத்தனை பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியுமா? போனவர் இருக்கிறாரா இல்லையா என்றே உறுதியாகாத இழப்பை அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் 1970கள் தொடங்கி ஆராய்ந்தவர். இத்தகைய துக்கத்தை முடித்துவைக்கச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது, இரண்டு எண்ணங்களையும் ஒன்றாகச் சுமக்க உதவ வேண்டும் என்பது அவர் சொல்லிவருவது. உங்கள் பங்கில் அது ஒரு தாளில் நடந்திருக்கிறது.

போதகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று எலிசபெத் கூப்ளர் ரோஸ் 1969இல் எழுதிய ஐந்து நிலைகளை வைத்துக்கொண்டு, துக்கப்படுகிறவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று அளக்கிறார்கள். அவர் அவற்றைக் கண்டது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசியபோது. கணவரை இழந்த பெண்ணை அந்தப் படிகளில் வரிசையாக ஏற்றிவிட முயல்வது கொடுமை. ஓராண்டு கழித்தும் கோபம் வரும். ஏற்றுக்கொண்ட மறுவாரமே மறுப்பு திரும்பி வரும்.

எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. "தேவனுக்குப் பிரியமான பிள்ளை, அதனால் எடுத்துக்கொண்டார்" என்று ஒரு தாயிடம் யாரோ சொன்னதையும், அவர் அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வராமலே போனதையும் நான் அறிவேன்.

இளம் குரு ஒருவர்

இதையெல்லாம் இரவு முழுவதும் வாசித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா சமீபத்தில் இறந்தார். அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். சாமியார் கலங்காமல் வைத்தார் என்று ஊரே பாராட்டியது. அன்று முதல் எனக்கு ஜெபம் வரவில்லை. பீடத்தில் நிற்கிறேன், உதடு அசைகிறது. இதை யாரிடமாவது சொன்னால் என் விசுவாசத்தைச் சந்தேகிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற குருவானவர், திருநெல்வேலி

தம்பி, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. அப்பாவை அடக்கம் செய்த அன்று நீங்கள் குருவாக நின்றீர்கள். மகனாக நிற்க இன்னும் உங்களுக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை. யாரையாவது திருப்பலி வைக்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் கல்லறைக்கு அம்மாவோடு சாதாரண உடையில் ஒருமுறை போய் வாருங்கள்.

ஜெபம் வராததைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்கினான். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

2021க்குப் பிறகு பக்கத்துச் சேகரங்களின் (சபை வட்டாரங்களின்) குருவானவர்கள் சிலர் மாதம் ஒரு திங்கட்கிழமை என் வீட்டில் கூடுகிறோம். ஞாயிறு வேலை முடிந்து எங்களுக்குக் கிடைக்கிற ஓய்வு நாள் அது. குறிப்பேடு கிடையாது, பேராயருக்கு அறிக்கை கிடையாது, பிரசங்கம் செய்ய யாருக்கும் அனுமதியில்லை. ஒருவர் அழுதால் மற்றவர்கள் இருப்பார்கள். கத்தோலிக்கக் குருக்கள் இருவரும் பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒருவரும் இப்போது வருகிறார்கள். நீங்கள் எந்த ஊர் என்று தனிச்செய்தியில் எழுதுங்கள். பக்கம் என்றால் வந்துவிடுங்கள். காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். தூரம் என்றால் உங்கள் பகுதியில் இப்படிக் கூடுகிறவர்களைத் தேடித் தருகிறேன். வேலூர்க்காரர் உதவுவார் என்று நினைக்கிறேன்.