400 சதவீதம் பெரிதாக்கினால் படிவம் குலைகிறது, டேப் விசை வரிசை மாறித் தாவுகிறது

கேள்வி

வணக்கம். நான் பராமரிக்கும் தளத்தில் ஒரு பதிவுப் படிவம் இருக்கிறது. பக்கத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரியையும் படிக்க இடமும் வலமுமாக நகர்த்த வேண்டியிருக்கிறது என்று பார்வைக் குறைவுள்ள பயனர் ஒருவர் எழுதியிருந்தார். பெயரை மட்டும் நிரப்பிவிட்டு விட்டுவிட்டாராம். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

நானும் செய்து பார்த்தேன். குறிப்புப் பகுதியும் படிவமும் ஒரே ஃபிளெக்ஸ் பெட்டிக்குள் (பக்கத் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் உறுப்புகளை வரிசையாக அடுக்கும் முறை) இருக்கின்றன. இடம் போதாதபோது அடுத்த வரிக்கு மடங்க ஃபிளெக்ஸ்-ராப் கொடுத்திருந்தும், குறிப்பில் உள்ள நீளமான இணைய முகவரி ஒன்று பெட்டியையே திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. மேலே ஒட்டி நிற்கும் தலைப்புப் பட்டை திரையில் பாதியை அடைத்துக்கொள்கிறது. விசைப்பலகையால் இயக்கும்போது, பெயர்க் கட்டத்தில் டேப் அழுத்தினால் ஃபோகஸ் (விசைப்பலகை அப்போது இயக்கும் இடம்) கடைசியில் உள்ள ‘அனுப்பு’ பொத்தானுக்குப் போய், பிறகுதான் மின்னஞ்சல் கட்டத்துக்குத் திரும்புகிறது. பொத்தானை சிஎஸ்எஸ்ஸின் ஆர்டர் பண்பின் மூலம் கீழே கொண்டுசென்றிருக்கிறேன். ஐபோனில் கட்டத்தைத் தொட்டவுடன் பக்கம் தானாகப் பெரிதாவதைத் தடுக்க பக்கம் திரையில் பொருந்தும் விதத்தைச் சொல்லும் வியூபோர்ட் வரியில் மேக்சிமம்-ஸ்கேல் (பெரிதாக்கும் உச்ச அளவு) 1 என்றும் வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் வழிவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் கொடுத்தால் முதல் சிக்கலாவது தீருமா?

மறுமொழி 1

தயவுசெய்து ஹிடன் கொடுக்காதீர்கள். நகர்த்துபட்டை மறையும், அதோடு சொற்களும் மறைந்துவிடும். இப்போது சிரமப்பட்டாவது படிக்கிறவர் அப்போது அறவே படிக்க முடியாது.

ஃபிளெக்ஸ் உறுப்புகளுக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே ஆட்டோ என்று இருக்கும். அதாவது, உள்ளே இருக்கும் உடைக்க முடியாத மிக நீளமான சொல்லின் அகலத்துக்குக் கீழே அந்த உறுப்பு சுருங்காது. உங்கள் பெட்டியில் அந்தச் சொல் இணைய முகவரி. குறிப்புப் பகுதிக்கு, நீளமான சொல்லைத் தேவையான இடத்தில் உடைக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் கொடுங்கள். பிரேக்-வேர்ட் என்ற மதிப்பும் பார்வைக்கு அதே வேலையைச் செய்வதுபோல் தோன்றும், ஆனால் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது உலாவி அதைப் பொருட்படுத்தாது; அதைத்தான் பயன்படுத்துவதென்றால் மின்-விட்த் 0 என்பதையும் சேர்க்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் நான் ஒரு நாள் முழுவதும் செலவழித்திருக்கிறேன்.

தலைப்புப் பட்டையின் காரணம் வேறு. 1280க்கு 1024 பிக்சல் சாளரம், 400 சதவீதத்தில் 320க்கு 256 சிஎஸ்எஸ் பிக்சலாகச் சுருங்குகிறது. 2018இல் வந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி 2.1இன் 1.4.10ஆம் விதி 320 பிக்சல் அகலத்தைக் குறிப்பிடுவதும் இந்தக் கணக்கின்படிதான். 256 பிக்சல் உயரத்தில் 120 பிக்சல் பட்டை நின்றால் மீதி என்ன இருக்கும்? போதிய உயரம் இருந்தால் மட்டும் பட்டை ஒட்டி நிற்கும்படி, மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) நிபந்தனையுள்ள மீடியா குவெரிக்குள் (திரை அளவைப் பொறுத்து இயங்கும் சிஎஸ்எஸ் பகுதி) பட்டையை ஒட்டவைக்கும் ஸ்டிக்கியை எழுதுங்கள்.

மறுமொழி 2

டேப் விசை திரையில் தெரியும் வரிசையைப் பின்பற்றுவதில்லை. எச்டிஎம்எல்லில் எழுதப்பட்ட வரிசையைப் பின்பற்றுகிறது. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானும் அப்படியே. ஆர்டர் பண்பு கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் மாற்றும். எனவே அதை நீக்கிவிட்டு, பொத்தானை எச்டிஎம்எல்லிலேயே கடைசியில் வையுங்கள். டேப் வரிசையைக் குறிக்கும் டேப்இன்டெக்ஸுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று தோன்றும். அந்த எண்கள் பக்கத்தின் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பதால் குழப்பம் வேறோர் இடத்துக்கு மாறும், அவ்வளவுதான்.

மேக்சிமம்-ஸ்கேலை இன்றே எடுத்துவிடுங்கள். ஐஓஎஸ் 10 முதல் சஃபாரி, பயனர் விரல்களால் பெரிதாக்குவதை அந்த வரி தடுக்கவிடுவதில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு குரோம் இயல்பு நிலையில் அதை மதித்துப் பெரிதாக்கலைத் தடுத்துவிடும். யாருக்காக இந்த வேலையைச் செய்கிறோமோ அவருடைய கையையே கட்டிப்போட்டதுபோல் ஆகிறது. ஐபோன் தானாகப் பெரிதாக்குவது, கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருப்பதால். எழுத்தளவை 16 ஆக்கினால் போதும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எழுத்தளவு 14ஆக இருந்தது. மாற்றியவுடன் ஐபோனில் சரியாகிவிட்டது. பக்கவாட்டு நகர்த்தலும் போய்விட்டது. ஷிஃப்ட்-டேப் அழுத்தி மேலே வரும்போது மட்டும், பெரிய திரையில் மின்னஞ்சல் கட்டம் தலைப்புப் பட்டைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. கட்டத்தின் கீழ்க்கோடு மட்டும் நூலிழைபோலத் தெரிகிறது.

மறுமொழி 2

எச்டிஎம்எல் உறுப்புக்கு ஸ்க்ரோல்-பேடிங்-டாப் கொடுத்து, பட்டையின் உயரத்தைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். ஃபோகஸ் பெறும் கட்டத்தை உலாவி அந்த இடைவெளிக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தும். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2இல் இதற்கென்றே 2.4.11 என்ற விதி சேர்க்கப்பட்டிருக்கிறது. மதிப்பை, பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் பொறுத்த ரெம் அலகில் எழுதினால், எழுத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கும் இடைவெளி கூடவே வளரும்.

எல்லாம் முடிந்ததும் அந்தப் பயனருக்கு ஒரு வரி எழுதி, மறுபடி முயன்று பார்க்கச் சொல்லுங்கள். நம் திரையில் தெரியாதது அவர் திரையில் தெரியும்.