என் பல்லில் இருந்து எடுத்த அடைப்பு எங்கே போனது?

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். கீழ்க் கடைவாயில் பதினெட்டு வருஷமாக இருந்த வெள்ளி அடைப்பு போன மாதம் ஆட ஆரம்பித்தது. தருமபுரியில் ஒரு கிளினிக்கில் குடைந்து எடுத்தார்கள். கொப்பளித்துத் துப்பினால், தொட்டியில் கருஞ்சாம்பல் நிறத்தில் மணல் போலத் துகள்கள். தண்ணீர் சுற்றி வந்து அத்தனையையும் இழுத்துக்கொண்டு போனது. "இது எங்கேம்மா போகும்?" என்று பக்கத்தில் நின்ற உதவியாளர் பெண்ணிடம் கேட்டேன். "சாக்கடைக்குத்தான்க்கா" என்றாள். வெளியே வந்து பார்த்தேன், குழாய் தெருச் சாக்கடையில்தான் முடிந்தது.

அமால்கம் என்கிற அந்த அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இதைப் படித்துவிட்டு நன்றாக இருக்கும் அடைப்பை யாரும் பயந்து பிடுங்கிக்கொள்ள வேண்டாம். சாக்கடையில் சேர்வதுதான் எனக்குக் கவலை. சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்கிற கொடிய நஞ்சாக மாற்றும், அது மீனில் ஏறும். ஜப்பானில் மினமாட்டா ஊரே மீனில் ஏறிய மெத்தில் பாதரசத்தால்தான் சீரழிந்தது, அங்கே அதைக் கழிவில் கலந்து விட்டது ஒரு ரசாயன ஆலை. அந்த ஊர் பெயரிலேயே 2013இல் வந்த உலக ஒப்பந்தத்தில், பல் அடைப்புப் பாதரசத்தைக் குறைப்பதும் ஒரு பகுதி.

நம் மாவட்டத்தில் பல்லைக் கெடுத்ததே தண்ணீர்தானே. அளவை மீறி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் என் அப்பா. பல்லெல்லாம் பழுப்புக் கோடு. செங்கல் பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எனாமல் தேய்ந்ததுதான் மிச்சம், கறை போகவில்லை. பல் உருவாகும்போதே உள்ளே இறங்கிய கறை எப்படிப் போகும்? 2013இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷம். அப்படிப்பட்ட ஊரில் பல் வைத்தியமே தண்ணீரில் பாதரசத்தைக் கலப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எடுத்த அடைப்பு எங்கே போகிறது என்று உங்களில் யாராவது உங்கள் பல் டாக்டரிடம் கேட்டிருக்கிறீர்களா?

கிருஷ்ணகிரியிலிருந்து:
அக்கா, நான் பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். எங்கள் இடத்தில் துப்பும் தொட்டியின் வடிகாலில் சல்லடை உண்டு. அதில் தங்குவதையும் மிச்ச அமால்கத்தையும் இறுக்கி மூடிய டப்பாவில் தனியாக வைப்போம். ஒன்று மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: பிடுங்கிய பல் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போகும், அந்தப் பை எரிக்கப்படும். அமால்கம் அடைத்த பல்லை அதில் போட்டால் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். ஆரம்பத்தில் எனக்கே இது தெரியாது, போட்டிருக்கிறேன். பழைய எக்ஸ்ரே பிலிம் உறைக்குள் ஒரு மெல்லிய ஈயத் தகடு இருக்கும், அதையும் குப்பையில்தான் வீசினோம். இப்போது பிலிமுக்குப் பதிலாக சென்சார் வந்துவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை.

பாலக்கோட்டிலிருந்து:
பல் வைத்தியத்தால் சுற்றுச்சூழலுக்கு வரும் கெடுதலில் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அரசுப் பல் மருத்துவத்தின் கரியமில வாயு வெளியேற்றக் கணக்கைப் பார்த்தபோது, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளும் ஊழியர்களும் வந்து போகிற பயணத்தால்தான் என்று தெரிந்ததாம். வேர் சிகிச்சைக்கு என் மனைவி சேலத்துக்கு நாலு தடவை போய் வந்தாள். இப்போது பிள்ளைகள் இருவரையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறோம். அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ் என்றால் நாலு பேருக்கு வருஷத்துக்கு 16. மூங்கில் பிரஷ் வாங்கினேன், அதிலும் இழை நைலான்தான். அதைப் பிடுங்கிவிட்டுத்தான் காம்பை மண்ணில் போடுகிறேன்.

மறுபடி நான்தான்:
கிருஷ்ணகிரித் தங்கச்சி சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டார். இப்போதெல்லாம் புதிதாக அமால்கம் வைப்பதில்லையாம், பழையதை எடுப்பதுதான் நடக்கிறதாம். சல்லடை மாட்டச் சொல்கிறேன் என்றார். வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவருக்கும் ரெண்டு வெள்ளி அடைப்பு இருக்கிறது. முதலில் அந்தத் தொட்டியைத்தான் பார்ப்பேன்.