சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா?

எனக்கு வயது 49. போன மார்கழியில் ஒரு விடியற்காலை, அலாரத்தை அணைக்க வலப்பக்கம் புரண்டேன். அவ்வளவுதான். ஃபேன், பீரோ, ஜன்னல் எல்லாம் ராட்டினம்போல ஓடின. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது, ஆனால் குமட்டல் மதியம்வரை போகவில்லை.

"பித்தம்" என்று அம்மா இஞ்சிச் சாறு கொடுத்தார். எதிர்வீட்டு அக்கா "லோ பிபி" என்று உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். முதலில் பார்த்த டாக்டர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார். பத்து நாள் கழுத்துப் பட்டையோடு சமைத்ததுதான் மிச்சம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் கேட்டது: "சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நடந்தால் தள்ளுகிறதா?" நான் மூன்றையும் தலைசுற்றல் என்றே சொல்லிப் பழகியவள். தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். மறுபடி ராட்டினம். என் கருவிழிகள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்காதில் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் மாறி, அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டனவாம். பிபிபிவி என்கிறார்கள். ஐம்பதைத் தொடும் பெண்களுக்கு அதிகமாம். எப்லி முறைப்படி தலையை ஒவ்வொரு கோணமாகத் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். ஐந்து நிமிட வேலை. அடுத்த வாரம் இன்னொரு முறை செய்ததும் சரியாகிவிட்டது.

இதைக் கேட்ட என் ஓரகத்தி, யூடியூப் பார்த்து அதே பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள்! அவளுக்கோ எழுந்து நின்றால் கண் இருட்டும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மாதவிலக்கு பத்து நாள் நீடித்ததை "நிற்கப்போற வயசு, அப்படித்தான்" என்று யாரிடமும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4. குறைந்தது 12 இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் டீயோடு விழுங்கியிருக்கிறாள். டீ அந்தச் சத்தைச் சரியாகச் சேரவிடாது என்று நர்ஸ் திட்டிய பிறகுதான் நிறுத்தினாள்.

அண்ணிக்கு வேறு கதை, பிபி மாத்திரையின் அளவு கூடிப்போனது. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிபி பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

தலைசுற்றலோடு பேச்சு குழறினால், எல்லாம் இரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால் இஞ்சிச் சாறெல்லாம் வேண்டாம், உடனே 108.

பிபிபிவி திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யாருக்காவது அப்படி வந்ததா? எத்தனை மாதம் கழித்து?