லீனியர் மோட்டார்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஓசூர் செட்டர்:
மூன்று வருடம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை. சுழன்று ஹெட்டை நகர்த்தும் பால் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, மேலும் கீழும் போகிற இசட் ஆக்ஸிஸில் லீனியர் மோட்டார், அதாவது சுழலாமல் நேர்கோட்டிலேயே தள்ளுகிற மோட்டார் போட்ட மெஷின். ட்ரையலில் சத்தம் மாறியது, எமர்ஜென்சியை அமுக்கினேன். நிற்கும் என்றுதான் நினைத்தேன். ஹெட் தொப்பென்று கீழே வந்தது. கூட இருந்த தம்பி அப்போதுதான் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ஹெட்டுக்குக் கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்திருந்தான். கேஜ் இலை ‘ட’ போல மடங்கிக் கிடந்தது.

சர்வோ மணி:
அண்ணா, மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். பால் ஸ்க்ரூவும் பிரேக் இல்லாவிட்டால் இறங்கத்தான் செய்யும். உரசல் இருப்பதால் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். கரண்ட் போனதும் தானாகப் பிடிக்கிற பிரேக் வேண்டும். ஹெட் எடைக்கு ஈடாக ஏர் சிலிண்டரோ ஸ்பிரிங்கோ கொடுங்கள். எனக்கு நடந்தது வேறு: இடத்தை அளந்து சொல்லும் என்கோடரின் வயரை மாற்றியதில் திசை திரும்பிவிட்டது. சர்வோ ஆன் செய்ததும் கேரேஜ் ஒரே ஓட்டமாகப் போய் ஸ்டாப்பரில் மோதியது.

ஆய்வு மாணவி:
எங்கள் லேபில் மென்மையான ஜெல்லை அமுக்கிப் பார்க்க காந்தப் புலத்தில் காயிலே நகரும் மூவிங் காயில் வகை லீனியர் மோட்டார் வைத்திருக்கிறோம். என்கோடர், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவ் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. காயிலில் இரும்பு இல்லாததால் காகிங், அதாவது காந்தம் விட்டுவிட்டு இழுக்கிற திணறல் கிடையாது. கரண்டை வைத்தே விசையைக் கணக்கிடலாம், ஜெல்லைத் தொட்டதும் நிற்கச் சொல்லலாம். ஆனால் எதையும் தொடாமலே விசை காட்டியது. இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் கேபிளை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தேன், கிராஃப் அப்படியே பூஜ்யத்துக்கு இறங்கியது!

பட்டறைக்காரன்:
என் கதை ஒரு வரி. காந்தங்களை வரிசையாகப் பதித்த மேக்னட் டிராக்கின் கவர் திறந்திருந்தது, ஆலன் கீயோடு விரலும் போய் ஒட்டியது, நகம் போயிற்று. காயிலுக்குள் இரும்பு இருக்கும் இரும்புக் கோர் வகை பூட்டுகிறவர்கள் கேளுங்கள். கரண்டே இல்லாவிட்டாலும் அது டிராக்கைப் பயங்கரமாக இழுக்கும். நடுவில் மரப்பலகை வைத்துத்தான் இறக்க வேண்டும். ஸ்பேனரைத் தள்ளி வையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வரவே கூடாது. மெஷினிங் செய்கிற இடமென்றால் துருத்தி போல மடிந்து விரியும் பெல்லோஸ் கவர் அவசியம், இரும்புத்தூள் ஒட்டினால் துடைத்து மாளாது.

ஓசூர் செட்டர்:
மணி, பிரேக் இருந்தது. டிரைவ் உடனே விட்டுவிட்டது, பிரேக் அப்புறம்தான் பிடித்தது. 0.1 நொடி தடையில்லாமல் விழுந்தாலே கிட்டத்தட்ட 5 செ.மீ. வந்துவிடும். இப்போது பிரேக் பிடித்த பிறகுதான் டிரைவ் விடும்படி மாற்றியிருக்கிறோம்.