கலைச்சொல் விவாதம்: ‘எவிடென்ஸ் பேஸ்டு பட்ஜெட்டிங்’ – ‘சான்றுதேர் பாதீடு’ பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தினருக்கு,

வணக்கம். திட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்று ஆராய்ந்து பார்த்து அரசு பணம் ஒதுக்குவதை ஆங்கிலத்தில் ‘எவிடென்ஸ் பேஸ்டு பட்ஜெட்டிங்’ என்கிறார்கள். அதற்கு இதுவரை இங்கே ‘ஆதார அடிப்படையிலான வரவு-செலவுத் திட்டம்’, ‘சாட்சியம் சார்ந்த நிதித் திட்டமிடல்’, ‘தரவுவழி நிதி ஒதுக்கீடு’ ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நிதித்துறையில் ‘ஆதாரம்’ ஏற்கெனவே வேறு பணியில் அமர்ந்துவிட்ட சொல். நிதி ஆதாரம், நீராதாரம், வாழ்வாதாரம் என்று அது வளத்தையே குறித்து வருவதால், ‘ஆதார அடிப்படையிலான வரவு-செலவு’ என்று படிக்கும் அலுவலர், கையில் உள்ள பணத்துக்கு ஏற்பச் செலவிடுவது என்றே பொருள்கொள்வார். மற்றவர்களுக்கு அடையாள அட்டை நினைவுக்கு வரும். ‘சாட்சியம்’ நீதிமன்றத்துக்கு உரியது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் வேறொரு சட்டம் வந்துவிட்ட பிறகும் அந்தச் சொல் கூண்டை விட்டு இறங்கவில்லை. ‘தரவு’ என்பதன் குறை வேறு வகையானது. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பால் ரயன், பேட்டி மர்ரி என்னும் எதிரெதிர்க் கட்சியினர் இருவர் சேர்ந்து முன்னெடுத்த சட்டத்தின்படி, அரசுக் கொள்கைகளைச் சான்றின் துணையோடு வகுப்பது பற்றி ஆராய 2016-இல் ஓர் ஆணையம் அமைந்தது. 2017 செப்டம்பரில் அது அளித்த பரிந்துரைகளில் ஒரு பகுதியை ஏற்று இயற்றப்பட்ட சட்டம் 2019 ஜனவரி 14 அன்று ஒப்பம் பெற்றது. ‘எவிடென்ஸ்’ என்பதைப் புள்ளியியல் நோக்கத்துடன் மேற்கொள்ளப்படும் புள்ளியியல் பணிகளால் கிடைக்கும் தகவல் என்று அச்சட்டம் குறுக்கியே வரையறுக்கிறது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த வெள்ளை மாளிகையின் மேலாண்மை மற்றும் வரவு-செலவு அலுவலகம் அதே ஆண்டில் அனுப்பிய வழிகாட்டுக் குறிப்பு, அடிப்படை உண்மைகளைத் திரட்டுதல், கொள்கைப் பகுப்பாய்வு, திட்டம் பயன் தந்ததா என்னும் ஆய்வு, செயல்திறனை அளந்துவருதல் ஆகிய நான்கையும் அச்சொல்லுக்குள் அடக்கிவிட்டது. இந்த நான்கிலும் தரவு உண்டு. தரவு மட்டுமே நான்கில் எதுவும் ஆகிவிடாது.

இளங்குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பித் தாய்மாருக்குத் துணைநிற்கும் திட்டத்தைப் பாருங்கள். எத்தனை வீடுகளுக்கு எத்தனை முறை சென்றார்கள் என்பது தரவு. அவர்கள் சென்றதனால்தான் குழந்தையின் நலம் கூடியதா, செல்லாதிருந்தாலும் கூடியிருக்குமா என்று கேட்டு, டேவிட் ஓல்ட்ஸ் என்னும் ஆய்வாளர் 1970-களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் செய்ததுபோலக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டு அறிவது சான்று. இத்தகைய ஆய்வுகளின் வலுவில்தான், 2010-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவ்வகைத் திட்டங்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு 150 கோடி டாலர் ஒதுக்கியபோது, பயன் மெய்ப்பிக்கப்பட்ட மாதிரிகளுக்கே பெரும்பங்கு போக வேண்டும் என்றும், இன்னும் மெய்ப்பிக்கப்படாத புதிய முயற்சிகளுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும், அந்தப் புதியவையும் கட்டாயம் ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்றும் சட்டத்திலேயே எழுதிவைத்தது. நாம் பெயர் தேடுவது இந்தச் செயலுக்கு. கணினியில் எண்களைக் குவித்து வைப்பதற்கு அன்று.

ஆகவே ‘சான்று’ என்பதே என் தெரிவு. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் அலைந்தவர்களுக்கு அச்சொல் முத்திரை குத்திய தாளை நினைவூட்டும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் தொடராக வரும்போது அந்தக் குழப்பம் நீங்கிவிடுகிறது.

‘பேஸ்டு’ என்னும் பகுதியில்தான் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘அடிப்படையிலான’ என்று எழுதினால், சான்று சொன்னபடியே பணம் போகிறது என்றாகிறது. உண்மை அப்படி இல்லை. ஏழைக் குழந்தைகளுக்கான ‘ஹெட் ஸ்டார்ட்’ முன்பருவக் கல்வித் திட்டத்தைப் பற்றி நாடாளுமன்றமே கேட்டு நடத்திய பெரிய ஆய்வின் 2010-ஆம் ஆண்டு அறிக்கை, தொடக்கத்தில் தெரிந்த முன்னேற்றம் முதல் வகுப்பு முடிவதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடுவதாகக் கூறியது. திட்டம் இன்றும் நடக்கிறது. இதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு உணவும் மருத்துவ உதவியும் கிடைப்பதும், தாய் வேலைக்குச் செல்ல முடிவதும் தேர்வு மதிப்பெண்ணில் தெரிவதில்லை. அவற்றுக்கு எவ்வளவு விலை தரலாம் என்பதை வாக்குப் பெற்று வந்தவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். சான்றை எடை பார்த்து முடிவெடுப்பது என்ற அளவே சொல்லுக்குள் இருக்கட்டும். ஆராய்ந்து தெளிதல் என்னும் பொருளில் ‘தேர்தல்’ என்ற வினை நமக்கு உண்டு. ‘தேரான் தெளிவும்’ என்று குறள் அதைக் கையாள்கிறது. ‘சான்றுதேர்’ என்று வினைத்தொகையாக்கினால் மிகையாக எதையும் வாக்களிக்காது.

‘பட்ஜெட்டிங்’ என்பதற்கு இலங்கைத் தமிழர் வழங்கும் ‘பாதீடு’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். தொல்காப்பியம் வெட்சித்திணையில் அதை ஒரு துறையாக வைக்கிறது: கவர்ந்து வந்த ஆநிரையைப் பங்கிடுவது. புறப்பொருள் வெண்பாமாலையில் அந்தப் பங்கு வாளெடுத்துப் போரிட்டவர்களுக்கு மட்டுமன்றி, ஒற்றறிந்து வந்து சொன்னவர்களுக்கும் நிமித்தம் பார்த்தவர்களுக்கும் போகிறது. தகவல் திரட்டியவருக்கும் சோதிடருக்கும் ஒரே வரிசையில் பங்கு கொடுப்பது இன்றைய அரசுகளும் முற்றிலும் கைவிடாத வழக்கம்தான்.

எனவே ‘சான்றுதேர் பாதீடு’. இதோடு சேர்ந்த இரண்டு சொற்களையும் சொல்லிவிடுகிறேன். ‘இவாலுவேஷன்’ என்பதை ‘மதிப்பீடு’ என்று எழுத வேண்டாம். நிதி ஆவணங்களில் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு என்பவை வரவு-செலவுத் தொகையின் முன்கணிப்பைக் குறிக்கின்றன. ‘பயனாய்வு’ என்றால் போதும். மேற்சொன்ன 2019-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் பெரிய துறைகள் அனைத்திடமும் கேட்கும் ‘லேர்னிங் அஜெண்டா’ என்பதைக் ‘கற்றல் நிகழ்ச்சிநிரல்’ என்று பெயர்த்தால் பள்ளிக் கால அட்டவணை ஆகிவிடும். அது அத்துறை விடை தேட வேண்டிய கேள்விகளின் பட்டியல். ‘வினாநிரல்’ எனலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

*

அன்புடையீர்,

‘சான்று’, ‘பயனாய்வு’, ‘வினாநிரல்’ மூன்றும் எனக்கு உடன்பாடு. ‘பாதீடு’ பற்றி ஒரு தடை உண்டு. இலங்கையில் எங்களிடத்தில் அது நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கும் முழு ஆண்டுத் திட்டத்தையே குறிக்கும். நீங்கள் எடுத்துக்காட்டிய வீட்டு வருகைத் திட்டமோ, ஒதுக்கப்பட்ட ஒரு தொகைக்குள் எந்த மாதிரிக்கு எவ்வளவு என்று பிரிப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுத்தால், ஒரு மானியத்துக்குள் சான்று பார்ப்பதையே முழுப் பாதீட்டுக்கும் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள அரசுகளுக்கு இடம் கிடைக்கும்.

முழுப் பாதீட்டை நோக்கிச் சென்ற முயற்சிக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமே பொருத்தமான எடுத்துக்காட்டு. அங்கே சட்டமன்றமே 1983-இல் நிறுவிய பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம், சிறை, சிறார் சீர்திருத்தம், மனநலம் முதலிய துறைகளில் ஒவ்வொரு திட்டத்திலும் செலவிடும் ஒரு டாலருக்கு எவ்வளவு பயன் திரும்புகிறது என்று கணக்கிட்டு உறுப்பினர்களுக்குத் தருகிறது. 2012-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டமொன்று, சிறார்களுக்கான சேவைகளைச் சான்றின் வலுவை ஒட்டி மூன்று தரமாகப் பிரித்தது. அந்த மூன்றுக்கும் நமக்குச் சொல் வேண்டும். நான் எண்ணியவை: ‘சான்றுறுதி பெற்றது’, ‘ஆய்வுத்துணை உடையது’, ‘நம்பிக்கை தருவது’.

இன்னொன்று, இந்தியாவில் 2005 முதல் வழங்கும் ‘அவுட்கம் பட்ஜெட்’ இதனோடு கலந்துவிடக் கூடாது. அது பணத்தால் என்ன விளைய வேண்டும் என்று இலக்கை அறிவிப்பது. விளைந்தது அந்தப் பணத்தால்தானா என்று கேட்பது வேறு. ‘சான்றுதேர்’ என்பதில் ‘தேர்’ தெளிவாக இருப்பதால் கலப்பு நேராது என்று நம்புகிறேன். ‘தேர்தல் பாதீடு’ என்று காதில் விழும் ஆபத்து மட்டும் உண்டு.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து

*

அன்புள்ள ஐயா,

தாங்கள் காட்டிய வேறுபாடு தேவையானது. ஆண்டுத் திட்டம் முழுவதையும் குறிக்கச் ‘சான்றுதேர் பாதீடு’ என்றும், ஒரு திட்டத்தின் தொகைக்குள் பிரிப்பதைச் ‘சான்றுதேர் ஒதுக்கீடு’ என்றும் வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ‘ஒதுக்கீடு’ என்று தனித்துச் சொன்னால் இட ஒதுக்கீடே முதலில் நினைவுக்கு வருமாகையால், தலைப்புகளில் ‘சான்றுதேர் நிதி ஒதுக்கீடு’ என்று விரித்து எழுதலாம். மூன்று தரங்களில் முதல் இரண்டை அப்படியே ஏற்கிறேன். ‘நம்பிக்கை தருவது’ என்பது அமைச்சரின் வாய்மொழி போல ஒலிப்பதால், ‘தொடக்கச் சான்று உடையது’ என்று மாற்றலாமா? மறுப்பு வராவிட்டால் இந்த வடிவிலேயே நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து